கசக்கும் துளிர்

"மறுபடியும் பிடுங்கிட்டீங்களா? உயிரோட இருந்த செடியையா?"

நர்சரிக்கார அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். எதிரே பஸ் டிரைவர், யூனிஃபார்மோடு தலைகுனிந்து நின்றார். கையில் வேரும் மண்ணுமாக ஒரு கன்று. பச்சைப் பசேல் என்று துளிர்த்திருந்தது.

நர்சரிக்கு எதிரிலேயே இடுகாடு. டிரைவரின் ஒரே மகளை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயசு, காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அவள் தலைமாட்டில் நடுவதற்குத்தான் கன்று வாங்குவார். நட்டதும் புதர்க்காட்டிலிருந்து முயல்கள் வந்து மேய்ந்துவிடும்.

"நான் என்ன சொன்னேன்? நர்சரிக் கன்னு உரம் தின்னு வளர்ந்தது, துளிர் இனிக்கும், முயல் விடாது. ஆனா கடிபட்ட செடி சும்மா இருக்காது. அடுத்து விடுற துளிர்ல கசப்பைச் சேர்த்துக்கும். முயல் மோந்து பார்த்துட்டு ஓடிடும். கொஞ்சம் பொறுங்க, தானா பிழைச்சுக்கும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கம்மா."

"பிழைச்சுதா?"

"பிழைச்சுது. நல்லாத் துளிர் விட்டுது."

"அப்புறம் எதுக்குய்யா பிடுங்கினீங்க? அத்தனை பேரை வச்சு பஸ் ஓட்டுறீங்க, ஒரு செடியை வளரவிடத் தெரியலையா?"

அவர் வேரில் ஒட்டிய மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தார். அம்மாளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்ன மனுஷன் இவர்! கல்நெஞ்சு!

"நேத்து உங்க வீட்டுக்காரம்மா இங்க வந்து ஒரே அழுகை. 'பொண்ணுதான் நிலைக்கல, செடியாவது நிலைக்கும்னு பார்த்தா இவரே பிடுங்கிப் போடுறாரு'ன்னு. பெத்தவ வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க, சொல்லிட்டேன்."

டிரைவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு தொட்டியைத் தூக்கி வந்தாள்.

"இந்தாங்க. இது பிறவியிலேயே கசப்பு. முயல் கிட்டக்கூட வராது. கொண்டுபோய் நட்டுட்டு நிம்மதியா இருங்க."

அவர் பதறிப்போய்த் தொட்டியைத் தள்ளிவைத்தார்.

"ஐயோ, இது வேண்டாம்மா! பழையபடி இனிப்புக் கன்னே குடுங்க."

"முயலுக்குத் தீனி போடவா செடி வாங்குறீங்க?"

"ஆமாம்மா."

அம்மாள் தொட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"துளிர் கசக்க ஆரம்பிச்சதும் முயல் வர்றதை நிறுத்திடுச்சு. ட்யூட்டி முடிஞ்சு போய்ப் பார்க்கிறேன், அந்த இடமே வெறிச்சுன்னு கிடக்கு. வீட்டுக்காரிகிட்ட சொன்னா தாங்க மாட்டாம்மா, அதான் சொல்லல."

அவர் எதிரே இடுகாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பொழுது சாயற நேரமாப் பார்த்துத்தான் அதுங்க வரும். கூட்டமா வந்து, தலைமாட்டுலயே உட்கார்ந்து கொறிச்சுக்கிட்டு இருக்கும். என் பொண்ணு இருட்டுல தனியாப் படுக்க மாட்டாம்மா."