பாஞ்சிர் அனுபவம்

வடிகால் நிறுவனத்தில் பயிற்சிக்கு ஓர் இடம்தான் காலி. வந்த மாணவர்கள் எல்லாரும் சான்றிதழை நீட்டினார்கள். சேற்றில் கால் வைத்தவன் ஒருவனும் இல்லை. மேலாளர் மெய்யம்மைக்கு அலுத்துவிட்டது.

கடைசியாக வந்தவன் ஹஸ்ருல், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு.

"வேலை அனுபவம் ஏதாச்சும் இருக்கா தம்பி?"

"ரெண்டு வருஷமா பாஞ்சிர் பார்க்கிறேன் மேடம்."

மெய்யம்மை நிமிர்ந்து உட்கார்ந்தாள். மலாயில் பாஞ்சிர் என்றால் வெள்ளம். வெள்ளத்தில் நின்ற பையன்!

"எந்தப் பக்கம்?"

"கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. மத்தியானம்தான் ரொம்ப மோசம்."

கடல் ஏறும் நேரம் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

"எப்படிச் சமாளிப்பே?"

"ஓரத்துல அணை கட்டிட்டா வெளிய ஓடாது மேடம்."

"ஜனங்க பதறுவாங்களே?"

"கத்துவாங்கதான். சிரிச்சுப் பேசி வரிசையில நிக்க வச்சிருவேன்."

"சேதம்?"

"வெள்ளைச் சட்டைக்காரங்களுக்குத்தான்."

அதிகாரிகளைக் குத்துகிறான் என்று மெய்யம்மை வாய்விட்டுச் சிரித்தாள். "திங்கக்கிழமை வந்துரு."

மறுநாள் மத்தியானம் பள்ளிவாசல் சாலை நாசி கண்டார் சோற்றுக் கடையில் வரிசையில் நின்றாள். தட்டில் சோற்றைக் கொட்டி, ஓரத்தை உயர்த்தி, நடுவில் குழி பறித்தவன் தலை நிமிராமலே கேட்டான்.

"என்ன அக்கா, எல்லாக் குழம்பும் ஊத்தி பாஞ்சிரா?"

"ஹஸ்ருல்!"

கரண்டி நழுவியது. அவளுடைய வெள்ளைச் சட்டையில் மீன் குழம்பு வழிந்தது.

"நான்தான் சொன்னேனே மேடம்..." என்று இழுத்தான். "திங்கக்கிழமை வரணுமா?"

"வா லா. வெள்ள நிவாரணத்தை இந்தச் சட்டையிலேருந்து ஆரம்பி."