காதில் பேசியவன்

எங்கோ போர் தொடங்கிய நாளிலிருந்து, மாலையானால் என் மனைவி சிவாஜினி இயர்போனை மாட்டிக்கொண்டு எவனோ பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுத்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் நிமிர்வதில்லை.

"யாருலா அது?"

"பேச்சுக்கலை வகுப்புக்குங்க. சண்டைய மூட்டுற பேச்ச எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பாடம். அதுக்கு இவர விட்டா ஆளே இல்ல."

இவராம்! எனக்கு வயிறு எரிந்தது.

சனிக்கிழமை, ஈப்போவில் அவள் நடத்தும் வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவள் பதிவை ஒலிக்கவிட்டாள்.

"அவனுங்க ஊருல ஒரு வீடு மிஞ்சக்கூடாதுலா! குண்டு போட்டாத்தான் புத்தி வரும்!"

முன்வரிசைப் பெண் கை தூக்கினாள். "டீச்சர், காரணம் ஒண்ணுகூட இல்ல, வெறும் கோவம்தான். யாரு இந்த ஆளு?"

எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அனுப்பிய குரல்பதிவு அது.

தொண்டை கரகரத்தது. செருமவில்லை, செருமினால் குரல் தெரிந்துவிடும்.