உட்கார்ந்துவிட்ட சார்ஜென்ட்

கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் உதட்டைப் பிதுக்கினார், மறுஆய்வுக் குழுத் தலைவர் கர்னல் ஹாஸ்கெல்.

"கேப்டன் 'முன்னே போ'ன்னு சொல்லியும் போகாத கோழைக்கு, இப்போ கௌரவமான பணிவிடுவிப்பு வேணுமாக்கும்!"

"எனக்கு மேல இருந்த சார்ஜென்ட் கிளைட் நடுரோட்டுல உட்கார்ந்துட்டார் சார். அதான் நானும் நின்னுட்டேன்," என்றான் முன்னாள் கார்ப்பரல் வெண்டல்.

"உட்கார்ந்துட்டாரா? துரைக்குக் கால் வலியோ? அந்தத் தண்டச்சோறு சாட்சி சொல்ல வரலையா?"

"வாசல்ல தடுத்துட்டாங்க சார்."

"வரச்சொல்லு!"

வாலை ஆட்டிக்கொண்டு நுழைந்தார் சார்ஜென்ட். பட்டாளத்து நாய்க்கு, அதை நடத்துபவனைவிட ஒரு படி மேலான பதவி உண்டென்பது கர்னலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கண்ணிவெடியை மோந்தா உட்காரணும்னு பழக்கியிருக்கோம் சார். கேப்டன் எங்க ரெண்டு பேரையும் திட்டிட்டு, தானே முன்னால நடந்தார்."

"அப்புறம்?"

"சக்கர நாற்காலியில உட்கார்ந்துதான் சார், என்மேல புகாரே எழுதினார்."