கால்கட்டு

மருமகளின் சுடிதாரை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றவள், சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

உள்ளே வேறு யாரோ ஒருத்தி அகப்பட்டுக்கொண்டு முழிப்பதுபோல் இருந்தது.

அறுபதைத் தாண்டி யோகா. ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும், தூக்கம் வந்தால் சரி.

தூக்கம் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்கத்தான் செய்தார். அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யோகாவுக்கா அனுப்பியிருப்பார், வேறு டாக்டரிடம் அல்லவா அனுப்பியிருப்பார்.

கண்ணை மூடினால் புருஷன் வந்து நிற்கிறார்.

வாசற்படிக்கு இந்தப் பக்கம். முகம் தெருவைப் பார்த்தபடி. பாதங்கள் இரண்டும் ஒட்டியபடி.

படியைத் தாண்டப் பார்க்கிறார். கால் பிரிய மாட்டேன் என்கிறது.

போன மாசியில், சாப்பிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டில் அவள் மட்டும்தான். சத்தம் கேட்டு ஓடி வந்த அடுத்த வீட்டு ராஜலட்சுமிதான் சொன்னாள்.

"அக்கா, விறைக்கிறதுக்குள்ள கால கட்டிடுங்க."

அவருடைய வேட்டியிலேயே ஓரம் கிழித்து, இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டினாள். சுருக்குப் போட்டால் போதும். அவள் முடிச்சின் மேல் முடிச்சாக இறுக்கிவிட்டாள்.

இளவயதில் வீடு தங்காத மனுஷன் அவர். 'ஒரு கால்கட்டுப் போட்டால் அடங்கிவிடுவான்' என்றுதான் அவளைக் கட்டிவைத்தார்கள். அடங்கினாரா என்பது வேறு கதை. நிஜக் கால்கட்டு கடைசியில் அவள் கையால்தான் விழுந்தது.

சிதையில் வைக்கும்போது அதை அவிழ்த்துவிட வேண்டும். இல்லையென்றால் போன உயிர் போக வழியில்லாமல் அல்லாடும் என்பார்கள்.

பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். அவளும் திரும்பிவிட்டாள்.

பிறகு மகனிடம் கேட்டாள்.

"அதெல்லாம் அவிழ்த்திருப்பாங்கம்மா."

அவிழ்த்தாங்க என்று அவன் சொல்லவில்லை. அவிழ்த்திருப்பாங்க.

அந்த ஒரு சொல்லில் போனதுதான் அவள் தூக்கம்.

*

கல்யாண மண்டபத்து மாடியில் வகுப்பு. எல்லாரும் பெண்கள். வைதேகி டீச்சருக்கு அவள் வயதில் பாதிகூட இருக்காது.

மூச்சை இழு என்றால் இழுத்தாள். விடு என்றால் விட்டாள். குனிந்தபோது முட்டி கடகடத்தது. பக்கத்துப் பெண் சிரிக்க, அவளும் சிரித்துவிட்டாள். எத்தனை நாள் ஆயிற்று சிரித்து.

"கடைசியா சவாசனம்" என்றாள் டீச்சர்.

சவம் என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

வரிசையாகப் படுத்துவிட்டார்கள். அத்தனை பேரும் மல்லாக்க, அசையாமல். மாலை ஒன்றுதான் குறை. இதை எப்படிக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது.

எரிச்சலோடுதான் படுத்தாள். கண்ணை மூடினாள்.

வந்துவிட்டார்.

காலடியில் டீச்சர் உட்காரும் அரவம் கேட்டது.

"ரெண்டு காலும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்கம்மா. விலக்கி வைங்க."

விலக்கப் பார்த்தாள். முடியவில்லை.

டீச்சர் இரண்டு பாதங்களையும் கையில் ஏந்தினாள். ஒன்றை அந்தப் பக்கமும் இன்னொன்றை இந்தப் பக்கமும் மெல்ல வைத்தாள்.

விரல்களுக்கு நடுவில் காற்றுப் பட்டது.

வாசற்படியில் அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

வலது காலைத் தூக்கினார். வந்தது. படிக்கு அப்பால் வைத்தார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கண்ணீர் பக்கவாட்டில் இறங்கிக் காதுக்குள் போயிற்று. போகட்டும், மகராசன். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்.

இடது கால். அதுவும் தாண்டிவிட்டது.

பால் வாங்கப் போனாலும் உள்ளே பார்த்து 'வர்றேன்' என்று ஒரு குரல் கொடுக்காமல் படியிறங்கியதில்லை அந்த மனுஷன்.

காத்திருந்தாள்.

அவர் திரும்பவில்லை. தெருவில் இறங்கி நடந்துகொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் விட்டுடுங்க" என்று டீச்சரின் குரல் எங்கோ தள்ளிக் கேட்டது.

அவள் யாருக்கும் தெரியாமல் குதிகால்களை நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.