கழட்டாத தகரம்

"கையெழுத்து வச்சுப்போட்டு ஏமாத்துறவனும் மனுசனா?"

நற்பிட்டிமுனையில் காலிதீன் இதைக் கேட்காத ஆள் இல்லை.

கேட்டதில் நியாயமும் இருந்தது. அவருடைய பின்வளவிலிருந்து ரோட்டுக்குப் போகும் பாதையைப் பக்கத்து வளவு சாமித்தம்பி தகரம் அடித்து மூடிவிட்டார். வருசக்கணக்காக வழக்கு. கடைசியில் இரண்டு பேரும் கல்முனை நீதிமன்றத்தில் இணங்கிப் போனார்கள். மாதக் கடைசிக்குள் தகரத்தைக் கழட்டுவதாகச் சாமித்தம்பி கையெழுத்தும் வைத்தார்.

அந்த வாரமே காலிதீனின் மருமகன் விபத்தில் மௌத்தாகிவிட்டார். சாமித்தம்பியும் மனைவி பூமணியும் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். மாதம் முடிந்தது. தகரம் மட்டும் அசையவில்லை.

"திரும்பவும் கோட்டுக்குப் போறன்" என்றார் காலிதீன்.

"கொஞ்ச நாளைக்குப் பொறுங்களே. மகள் இரிக்கிற நிலமையில..." என்று றாஹிலா தொடங்கினாள்.

"பொறுத்தா அவன் தலையில ஏறி இரிப்பான். உனக்கு ஒண்டும் விளங்காது, நீ சும்மா இரி!"

மனைவியைப் பேச விட்டால்தானே.

நீதிபதி சாமித்தம்பியைக் கேட்டார். "நீங்களாக இணங்கின விசயம்தானே. ஏன் செய்யவில்லை?"

சாமித்தம்பி ஒருமுறை காலிதீனைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தீர்ப்பை நிறைவேற்ற ஆணை பிறந்தது.

"பாத்தீங்களா, சொல்ல வாயில்ல!" என்று வெளியே வந்து சிரித்தார் காலிதீன்.

கோட்டு ஆணையை நிறைவேற்றும் பிஸ்கால் அதிகாரி ஆட்களோடும் அலவாங்கோடும் ரோட்டுப் பக்கமாக வந்து இறங்கினார். காலிதீன் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல், கலியாண வீட்டுக்காரர் மாதிரி முன்னால் நின்றார். வேடிக்கை பார்க்கச் சனமும் கூடிவிட்டது.

பூமணி பதறி ஓடி வந்தாள். "ஐயா, ஒரு சொல்லுக் கேளுங்க..."

"கேட்டது போதும். கழட்டுங்க!" என்றார் காலிதீன்.

முதல் தகரம் விழுந்தது.

தகரத்துக்கு அந்தப் பக்கம் காலிதீன் வீட்டுக் கிணற்றடி. தலையில் துணிகூட இல்லாமல், வாளியும் கையுமாக நின்றாள் மகள் ஸம்றா. ரோட்டில் நின்ற அத்தனை ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"வாப்பா!" என்று அலறி, முகத்தைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள்.

புருசனை இழந்தவள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இத்தா இருக்கிறாள். இன்னும் முடியவில்லை. வழக்கு வெறியில் பெற்ற வாப்பாவுக்கே அது மறந்து போனது.

அதற்குள் சாமித்தம்பி விழுந்த தகரத்தைத் தூக்கி நிறுத்தினார். கிணற்றடிக்கு முதுகைக் காட்டி, அதைப் பிடித்தபடியே நின்றார். பூமணி உள்ளே ஓடித் தன் முந்தானையால் ஸம்றாவை மூடி, வீட்டுக்குள் கூட்டிப் போனாள்.

"தம்பி, கோட்டிலயாவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே..." என்றார் காலிதீன்.

"அவ்வளவு ஆம்புளையளுக்கு நடுவில புள்ளட கதைய எப்புடிக் காக்கா எடுக்கிற?"

"அப்ப, என்னட்டயாவது..."

சாமித்தம்பி தகரத்தை விடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"றாஹிலாக்காதான் வந்து கேட்டவ, இத்தா முடியுமட்டும் தகரம் நிக்கட்டும் எண்டு. முதல்ல உங்களிட்டத்தான் சொல்ல வந்தவவாம். நீங்க கேக்கல்லயாம்."