பதினாலு அங்குல நொச்சி

"ஆபரேட்டரம்மா! பதினாலு அங்குலம்!"

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சர்வேயர் ஆஜர். கையில் டேப்.

"போன வாரம் பதினொண்ணு. இந்த வாரம் பதினாலு. உங்க நொச்சி என் இடத்துல குடியேறிட்டு இருக்கு. இலையைக் கூட்டிக் கூட்டி எனக்கு இடுப்பு ஒடியுது. கேக்க ஆள் இல்லைன்னு நெனப்பா?"

ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து ரிட்டயரான மனுஷர். மனைவி போன பிறகு அளப்பதற்கு இந்தச் சுவர் ஒன்றுதான் மிச்சம். தெருவில் அவருக்குச் 'சண்டைக்கோழி' என்று பெயர்.

ஆபரேட்டரம்மாவும் தனிக்கட்டைதான். முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையே பேச வைத்தவள். இப்போது அவள் வீட்டுப் போன் அடித்தால், அநேகமாக அது ராங் நம்பர். மகன் மாதம் ஒருமுறை பேசுவான், அதுவும் கால் நிமிஷம்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு குச்சியை ஒடித்து ஊன்றிய நொச்சி அது. தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது. தனியாக இருப்பவளுக்கு ஏற்ற செடி என்றுதான் வைத்தாள்.

"வெட்டிடுங்க. இல்லேன்னா நகராட்சிக்கு எழுதிப் போட்டுடுவேன்!"

நாலு வருஷமாக ஞாயிறு தவறாமல் இதே வசனம். அன்று அவளுக்குப் பொறுமை போய்விட்டது. முந்தின நாள் முழுக்கக் காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள். ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துத் தர நாதியில்லை. இலை விழுந்தால் மட்டும் மனுஷர் ஓடி வந்துவிடுகிறார்!

"நாளைக்கே ஆள் வெச்சு வெட்டிடறேன் சார். அடியோட. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

சர்வேயரின் குரல் சட்டென்று இறங்கியது. "அடியோடயா? ஓரமா கழிச்சு விட்டா போதுமே..." என்றார்.

"அடியோடதான்!"

மறுநாள் காய்ச்சலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. வாசல் வரைக்கும் நொச்சி வாசனை. வெட்ட வந்த தோட்டக்காரர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நொச்சிக்குப் போய் யாராவது இவ்வளவு தண்ணி விடுவாங்களா?"

"நானா? நட்ட பிறகு ஒரு சொட்டு விட்டதில்லையே!"

"அதானே பாத்தேன். இந்தக் கோடையில நொச்சி இப்படி மதமதன்னு வளராது. நம்ம பக்கம் மண்ணு காஞ்சு கிடக்கு. அந்தப் பக்கம் சொதசொதன்னு ஈரம். எட்டிப் பாத்தா, பக்கத்து வீட்டு ஐயா குழாய்லேர்ந்து ஓஸ் இழுத்து வேருக்கு விட்டிருக்காரு. எரு வேற வெச்சிருக்காரும்மா!"

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு. பத்தரைக்கே சமையலை முடித்துத் தலையை வாரிக்கொண்டு பின்கட்டுக்கு வந்து நின்றாள். நின்ற பிறகுதான் உறைத்தது, நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் வந்து நிற்கிறோம் என்று.

பதினொன்று அடித்தது. குரல் வரவில்லை. மாடிப்படி ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சர்வேயர் டேப்போடு சுவர் வரைக்கும் வந்தார். செடி இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் வெளியே வரவே இல்லை. வீட்டில் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

வெட்டின கட்டையில் இரண்டு துளிர் விட்டிருந்தது. நொச்சி லேசில் சாகாது. ஆனால் அது வளர்ந்து சுவரைத் தாண்ட ஒரு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் யார் காத்திருப்பது? இரண்டு பேருக்கும் என்ன பதினாறு வயசா?

மூன்றாவது ஞாயிறு, பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். தோட்டக்காரர் மூலையில் குவித்துவிட்டுப் போன கிளைகளிலிருந்து காய்ந்த இலையெல்லாம் உருவிக் கூடையில் நிரப்பினாள். ஸ்டூலைச் சுவரோரம் போட்டு ஏறினாள். கூடையை அந்தப் பக்கம் கவிழ்த்தாள். இறங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. செருப்புச் சத்தம்.

"யாரது? செடியே இல்ல, இலை மட்டும் எங்கேர்ந்து..."

பேச்சு பாதியில் நின்றது. அப்புறம், சர்ரென்று டேப்பை இழுக்கும் சத்தம்.

"ஆபரேட்டரம்மா! மூணடிக்குக் குப்பை கிடக்கு! அடுத்த ஞாயித்துக்கிழமையும் இப்படி விழுந்துச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

"விழும் சார்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தவறாம விழும்."