மூடிய மில்லின் சங்கு

"உங்க வீட்டுக்காரர் மில்லுல வேலை செஞ்சப்ப உள்ள இழுத்த பஞ்சுத் தூசி எப்பவோ போயிடுச்சும்மா. ஆனா நெஞ்சுக்குள்ள ஒரு புரதம் இன்னும் சங்கு ஊதிக்கிட்டே இருக்கு. ரத்தத்துல இருக்கற காவலாளுங்க ஓடி வந்து, எதிரி யாருமில்லாததால நுரையீரலையே அடிக்கறாங்க" என்றார் டாக்டர்.

மத்தியானம், தூங்கும் கணவனின் மார்பில் மயிலாத்தா காது வைத்தாள். உள்ளே மில்லின் அதே சங்கு ஊதியது. பின்னாலேயே நூறு ஜோடிச் செருப்புகளும் தூக்குச்சட்டிகளும் வந்து, பூட்டிய கேட்டை முட்டிக்கொண்டு நின்றன.

அவன் சட்டைப் பொத்தானருகே உதட்டைக் குவித்து மெல்லச் சொன்னாள்: "மில்லை மூடிப் பதினோரு வருசமாச்சுங்க. ஊட்டுக்குப் போங்க, சாமி."

கூட்டத்துக்குள்ளிருந்து அவள் கணவனின் இளவயதுக் குரல் கேட்டது.

"சங்கு ஊதுதே புள்ள, எப்படிப் போறது?"